கழற்ற இயலாத வகையில்

அவரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று முதலில் கேட்டவரே அவர்தான். நகராட்சியில் முப்பத்தொரு வருடமாக வடிகால் பிரிவில் பொறியாளர். அவர் செய்த வேலை முழுக்க மண்ணுக்கு அடியில் கிடக்கிறது. ஒழுங்காக ஓடும்வரை அதை யாரும் நினைப்பதில்லை. அடைத்துக்கொண்டால் மட்டும் அவருடைய தொலைபேசி எண் ஊருக்கே ஞாபகம் வந்துவிடும். அலுவலகத்தில் அவருக்குச் 'சாக்கடை சார்' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிச் சொல்வதில்லை என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தார். ஒரு நாள் வாசலிலிருந்து யாரோ "சாக்கடை சார், உங்களுக்கு போன்" என்று கூப்பிட, இவரும் "இதோ வரேன்" என்று எழுந்து போனார். பாதி வழியில்தான் உறைத்தது.

ஆனாலும் அவருக்கு ஒரு ஆசை இருந்தது. ஓய்வு பெறுவதற்குள் மண்ணுக்கு மேலே, நாலு பேர் கண்ணில் படுகிற மாதிரி, ஒன்றே ஒன்று செய்துவிட வேண்டும். கட்டடப் பிரிவுப் பொறியாளர் இரண்டு வார விடுப்பில் போனபோது பொறுப்பு இவர் கைக்கு வந்தது. பதினான்கு நாள் ராஜாங்கம். சும்மா இருந்திருக்கலாம். இருந்தால்தானே!

அலுவலக முகப்புப் படிக்கட்டின் ஓரமாக, முழங்கால் உயரத்துக்கு ஒரு நீளமான கல் திண்டு உண்டு. வழவழவென்று இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் இளவட்டங்கள் ஸ்கேட்போர்டு என்கிற சக்கரப் பலகையோடு வந்து, ஓடி ஏறி, அந்தத் திண்டின்மேல் சர்ரென்று சறுக்கிக் குதிப்பார்கள். புகார் ஒன்று வந்திருந்தது. இவர் உட்கார்ந்து ஒரு குறிப்பு எழுதினார். மூன்று முறை அடித்துத் திருத்தி எழுதினார். எட்டு அங்குலத்துக்கு ஒன்றாக இரும்புக் குமிழ்கள், 'கழற்ற இயலாத வகையில்' பொருத்தப்பட வேண்டும். படிக்கட்டின் அழகு கெடக்கூடாது என்பதால் கல்லின் நிறத்திலேயே பூசப்பட வேண்டும். 'இதன்பின் விபத்து ஏதும் நிகழ வாய்ப்பில்லை.' அந்தக் கடைசி வரியில் அவருக்கே உச்சி குளிர்ந்துவிட்டது. வீட்டுக்கு எடுத்துப்போய் மனைவிக்குப் படித்துக் காட்டினார். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பகல் முழுக்க நின்றுவிட்டு வந்த அந்த அம்மாள், "நல்லாதான் இருக்கு, தள்ளுங்க, கால் நீட்டணும்" என்றாள்.

அவர் உத்தரவு போட்ட எந்த வேலையும் ஆறு மாதத்துக்குள் நடந்ததாகச் சரித்திரம் இல்லை. இது மட்டும் அதே வாரம் சனிக்கிழமை நடந்தது. இருபத்தொரு குமிழ்கள். மறுநாள் ஞாயிறு காலை, நேற்றுவரை வழவழவென்றிருந்த திண்டில் வேகமாக வந்து ஏறிய ஒரு பெண், பலகை எதிலோ இடித்து நிற்க, அவள் மட்டும் நிற்காமல் பறந்துபோய்ப் படியில் விழுந்தாள். இடது மணிக்கட்டு இரண்டாக உடைந்தது. அது அவருடைய மகள்.

மகள் பலகை ஓட்டுவதே அவருக்குத் தெரியாது. பூப்பந்து விளையாடப் போகிறாள் என்று நினைத்திருந்தார். ஊரில் எந்தக் குழாய் எந்த மழைக்கு வெடிக்கும் என்று சொல்லத் தெரிந்தவருக்கு, சொந்த வீட்டிலிருந்து மட்டையே இல்லாத பூப்பந்துப் பை ஒன்று வாரா வாரம் வெளியே போவது கண்ணில் படவில்லை.

ஆஸ்பத்திரியில் தகடு வைத்துத் தைத்து, மயக்கம் தெளிந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை: "எந்தப் புண்ணியவான் அதை அங்க வச்சானோப்பா! முந்தாநாள் பாத்தேன், இல்ல."

புண்ணியவான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார், கையில் ஆரஞ்சுப் பழத்தோடு. "விசாரிக்கிறேன்மா" என்றார். அலுவலகத்தில் தினம் பத்து பேருக்குச் சொல்கிற வார்த்தை, வாயில் தானாக வந்துவிட்டது.

வெளியே வராந்தாவில் மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்களே சொல்லிடுங்க. வேற யார் வாயிலிருந்தாவது கேட்டாள்னா தாங்கமாட்டா."

"கட்டு பிரிக்கட்டும், சொல்றேன்."

கட்டு பிரித்தார்கள். பரீட்சை முடியட்டும் என்றார். பரீட்சை முடிந்தது. கல்லூரியில் சேரட்டும் என்றார். சேர்ந்தாள். இப்படியே ஒன்றரை வருடம் ஓடியது. தண்ணீரை எங்கே நிறுத்தி எப்போது திறந்துவிடுவது என்பதுதான் அவருடைய தொழில். இந்த ஒரு விஷயத்தில் நிறுத்துவதை மட்டும் செய்துகொண்டிருந்தார்.

அதற்குப் பதிலாக வேறொன்று செய்தார். விபத்துக்கு மறுநாளே போய், உடைந்த பலகையின் சில்லு கிடந்த இடத்தை அளந்து, திண்டின் உயரம், அவள் வந்திருக்கக்கூடிய வேகம் எல்லாவற்றையும் காகிதத்தில் போட்டுப் பார்த்து, அவளை விழவைத்தது ஏழாவது குமிழ் என்று கண்டுபிடித்தார். தினமும் காலையில் படி ஏறும்போது ஏழாவது குமிழருகே ஒரு கணம் நின்று அதை விரலால் தொடுவார். மனசுக்குள் 'மன்னிச்சிடும்மா' என்பார். வாசல் காவலாளி, சார் குமிழ் ஆடுகிறதா என்று பார்க்கிறார் என நினைத்து, அந்த வேலைச் சிரத்தைக்காகக் கூடுதலாக ஒரு சல்யூட் வைப்பான். அதையும் இவர் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டார்.

இதற்கிடையில் பலகை ஓட்டுகிறவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு, தங்களுக்கென்று ஊரில் ஒரு சறுக்குத் திடல் வேண்டும் என நகராட்சிக்கு ஒரு மனு கொடுத்தார்கள். அது மேசை மேசையாகச் சுற்றியது. விளையாட்டுப் பிரிவு, 'குழி தோண்ட வேண்டியிருப்பதால்' என்று எழுதிக் கட்டடப் பிரிவுக்குத் தள்ளியது. கட்டடப் பிரிவு, 'குழியில் தண்ணீர் தேங்கும் என்பதால்' என்று எழுதி வடிகால் பிரிவுக்குத் தள்ளியது. வடிகால் பிரிவில் இவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வேண்டாத வேலையை இப்படிச் சிரித்த முகத்தோடு வாங்கிய ஆளை அந்தக் கட்டடம் அதுவரை பார்த்ததில்லை.

திடலைக் கட்டிக் கொடுத்துவிட்டு அப்புறம் சொல்லலாம் என்பது அவர் போட்ட கணக்கு. கையில் ஒரு நல்ல காரியம் இருந்தால் சொல்வதற்கு வாய் வரும் என்று நினைத்தார்.

மூன்று வாரம் முதுகு ஒடிய உட்கார்ந்து முதல் வரைபடத்தைப் போட்டார். கிண்ணம் மாதிரி ஒரு பெரிய குழி. பார்த்துச் சொல்வதற்கு மகளும், பலகைக் கூட்டத்தின் தலைவியும் வந்தார்கள். தலைவிக்கு முப்பது வயது. விடியற்காலையில் ரொட்டிக் கடையில் மாவு பிசைகிறவள், அதனால் எல்லோருக்கும் அவள் 'ரொட்டியக்கா'. வரைபடத்தை இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள்.

"சார், இது நீச்சல் குளமா?"

"ஏம்மா?"

"இறங்க ஏணி வச்சிருக்கீங்க. சுத்தி கைப்பிடிக் கம்பி வேற."

"பாதுகாப்புக்கு."

"வேகமா மேல வர்றவன் அந்தக் கம்பியிலதான் சார் மோதுவான். அப்புறம் இங்க நடுவுல இது என்ன, கோடு கோடா?"

"கம்பி வலை. தண்ணி வடியணும்ல?"

"இதுக்குள்ள சக்கரம் போச்சுன்னா பலகை அங்கயே நின்னுடும், ஆள் மட்டும் தனியா வீட்டுக்குப் போவாரு."

மகள் அதற்குள் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்த குறிப்பைப் படித்துவிட்டாள். படித்தவள் நாற்காலியிலிருந்து வழிந்துபோனாள். சிரிப்பு. மூச்சு வாங்கும் சிரிப்பு. "அக்கா, இதப் படிங்க! 'தளம் முழுவதும் வழுக்காத வகையில் சொரசொரப்பாக முடிக்கப்பட வேண்டும்.' அப்பா! சறுக்கறதுக்குத்தானேப்பா கட்டறோம்!"

முப்பத்தொரு வருடமாக எந்தத் தளத்துக்கும் அவர் எழுதிய வரி அது. கை தானாக எழுதிவிட்டிருந்தது. யாரும் வழுக்கி விழக்கூடாது என்பதற்காகவே சம்பளம் வாங்கிய மனிதர் சறுக்குத் திடல் வரைந்தால் இப்படித்தான் இருக்கும். காது மடல்வரை சிவந்து, திருதிருவென்று விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆனால் உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. கை உடைந்ததிலிருந்து அவள் இப்படிச் சிரித்து அவர் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் இருவரையும் நகராட்சியின் குழாய்க் கிடங்குக்கு அழைத்துப் போனார். அங்கே ஆள் உயரத்துக்கு மேலான கான்கிரீட் குழாய்கள் அடுக்கியிருந்தன. "இந்த வளைவு போதுமான்னு பாருங்க. எனக்குத் தெரிஞ்ச வளைவு இது ஒண்ணுதான்" என்றார். ரொட்டியக்கா ஒரு குழாய்க்குள் பலகையைப் போட்டு ஏறினாள். இந்தப் பக்கச் சுவரில் ஏறி, இறங்கி, அந்தப் பக்கச் சுவரில் ஏறி, காது அடைக்கும் ஓசையோடு போய்க்கொண்டே இருந்தாள். பிறகு மகளும் ஏறினாள். அவர் குழாயின் வாயில் நின்று பார்த்தார். ஆயிரக்கணக்கில் இந்தக் குழாய்களைப் புதைத்திருக்கிறார். இதற்குள் ஒருத்தர் இவ்வளவு மகிழ்ச்சியாக இருக்க முடியும் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. கண் கலங்கியது. கிடங்குத் தூசி என்று சொல்லித் துடைத்துக்கொண்டார்.

வரைபடம் சரியாயிற்று. பணம்தான் இல்லை. நிதி அதிகாரி அம்மையார் கறார் பேர்வழி. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசினால் காரியம் நடக்கும், போட்டுக்கொண்டே பேசினால் நடக்காது என்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். முதலில் போட்டுக்கொண்டேதான் பேசினார்.

"விளையாட்டுத் தலைப்புல ஒரு பைசா கிடையாது சார். பூங்காத் தலைப்பு பெஞ்சு வாங்கினதுல காலி."

இவர் எழுந்திருக்கவில்லை. தலையைச் சொறிந்தபடி உட்கார்ந்திருந்தார். அம்மையார் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"வெள்ளத் தடுப்புல கொஞ்சம் மிச்சம் இருக்கு. மார்ச்சுக்குள்ள செலவழிக்கலன்னா திரும்பிப் போயிடும். உங்க குழியில தண்ணி நிக்குமா?"

"நிக்காம இருக்கத்தான் மேடம் நான் பாடுபடறேன்."

"நிக்கணும். பெரிய மழையில ஆறு மணி நேரம் நின்னு, அப்புறம் வடியணும். அப்படி இருந்தா அது மழைநீர் தாங்கல். மழையில்லாத நாள்ல அதுல யாரு என்ன ஓட்டினா எனக்கென்ன?"

அவருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக மண்ணுக்கு மேலே ஒன்று கட்டப் போனார். அது மறுபடியும் சாக்கடையாகவே வந்து நின்றது. ஆனால் அந்த வேலை அவருக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். சக்கரம் சிக்காத தட்டையான துளைத் தகடு, கீழே ஒரு அடைப்பான், திறந்தால் அரை மணியில் காலி. இரண்டே நாளில் போட்டுக் கொடுத்தார்.

இனி நகர்மன்றம் ஒப்புக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி. கூட்டத்தன்று பார்வையாளர் பெஞ்சில் மகளும் ரொட்டியக்காவும் பலகைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மனைவி அன்று காலை வாசலில் நிறுத்தி ஒரே ஒரு வார்த்தை கேட்டாள்: "சொல்லிட்டீங்களா?" "சாயந்திரம் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். அவருடைய சாயந்திரங்கள் எல்லாமே அப்படித்தான்.

திடலுக்கு ஒதுக்கிய இடத்துக்குப் பக்கத்தில் வீடு உள்ள உறுப்பினர் ஒருவர் எதிர்த்துப் பேச எழுந்தார். நியாயமான மனிதர்தான், சத்தம் வரும் என்பது அவர் கவலை. ஆனால் பழைய கோப்புகளைத் தோண்டிக்கொண்டு வந்திருந்தார்.

"தலைவர் அவர்களே, இந்தப் பலகை விளையாட்டப் பத்தி நம்ம பொறியாளரே ரெண்டு வருஷம் முன்னாடி என்ன எழுதியிருக்கார்னு படிக்கறேன்."

படித்தார். நல்ல கணீர்க் குரல். 'பொதுமக்களுக்கு இடையூறு' வந்தது. 'இரும்புக் குமிழ்கள், கழற்ற இயலாத வகையில்' வந்தது. 'கல்லின் நிறத்திலேயே' வந்தது. முப்பத்தொரு வருடத்தில் அவர் எழுதிய ஒரு வாக்கியத்தையும் யாரும் மேற்கோள் காட்டியதில்லை; முதன்முதலாகக் காட்டினார்கள், முழுசாக, கையெழுத்தையும் பதவியையும் சேர்த்து. இவருக்குப் பார்வையாளர் பெஞ்சைத் திரும்பிப் பார்க்கும் தைரியம் வரவில்லை.

"பொறியாளர் பதில் சொல்லலாம்" என்றார் தலைவர்.

எழுந்தார். பேசுவதற்காகக் கொண்டுவந்திருந்த காகிதத்தில் கொள்ளளவு, சரிவு, அடைப்பானின் விட்டம் எல்லாம் இருந்தன. அதை மடித்து மேசைமேல் வைத்தார்.

"எழுதினது நான்தாங்க. அதுல கடைசி வரி தப்பு. விபத்து நடக்காதுன்னு எழுதினேன். குமிழ் வச்ச மறுநாளே நடந்துச்சு. விழுந்தது என் பொண்ணு. குமிழ் கல்லு நிறத்துல இருந்ததால அவளுக்குத் தெரியல. அந்த நிறமும் நான் சொன்னதுதான். அவகிட்ட இத நான் இதுவரைக்கும் சொல்லல. இப்பதான் கேக்கறா. ஓட்டாதேன்னு ஆணி அடிச்சா அவங்க ஓட்டறத நிறுத்தமாட்டாங்க, விழத்தான் செய்வாங்க. ஓட்டறதுக்கு ஒரு இடம் குடுங்க. அவ்வளவுதான்."

மன்றத்தில் ஒரு கைகூட உயரவில்லை. அப்போது நிதி அதிகாரி அம்மையார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இந்த மாசம் முடிவு பண்ணலன்னா பணம் திரும்பிப் போயிடும், தலைவர் அவர்களே" என்றார். சடசடவென்று கைகள் உயர்ந்தன. தன் நெஞ்சைப் பிளந்து வைத்ததற்கு ஒரு ஓட்டும் விழவில்லை, கெடு தேதிக்குப் பதினாறு விழுந்தன என்று பின்னாளில் அவரே சொல்லிச் சிரிப்பார். அன்று சிரிக்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது பெஞ்சில் ரொட்டியக்கா மட்டும்தான் இருந்தாள்.

அதன்பிறகு வீட்டில் மகள் அவரோடு பேசவில்லை. "அம்மா, சாப்பிட வரச் சொல்லு", "அம்மா, அந்தப் பேப்பரப் படிச்சாச்சான்னு கேளு." ஒரே மேசையில் ஒன்றரை அடி தள்ளி உட்கார்ந்துகொண்டுதான். குமிழ்களைவிட ரெண்டு வருட மௌனம்தான் அவளுக்கு வலித்தது என்று மனைவி சொன்னாள். "நான் அப்பவே சொன்னேன்" என்று மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

திடல் எழும்பியது. கிண்ணத்தின் உட்புறத்தைப் பூசி இழைத்த அன்று மகள் ரொட்டியக்காவோடு வந்தாள். இருவரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளங்கையால் வளைவு முழுக்கத் தடவிப் பார்த்தார்கள். மகள் ஒரு இடத்தில் நின்றாள். அவரைப் பார்க்காமலே, "இங்க ஒரு மேடு இருக்கு" என்றாள். நாலு வார்த்தை. ஓடிப்போய்க் கொத்தனாரிடமிருந்து கரண்டியை வாங்கித் தானே தேய்க்கப் போய், ஒரு மேட்டை இரண்டாக்கினார். கொத்தனார் மரியாதையாகக் கரண்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

வெள்ளத் தடுப்பு நிதியிலிருந்து ஒரு ஆய்வாளர் வந்து, கிண்ணத்தில் தண்ணீர் நிரப்பச் சொல்லி, குடைக்குக் கீழே ஆறு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தார். பிறகு இவர் அடைப்பானைத் திறந்தார். இருபத்தெட்டு நிமிடத்தில் சொட்டு மிச்சமில்லாமல் வடிந்தது. ஆய்வாளர் கைதட்டுகிற ஆள் இல்லை, வேறு யாரும் அங்கே இல்லை. தானே இரண்டு தட்டு தட்டிக்கொண்டார்.

திறப்பு விழாக் கல்லில் தலைவர், துணைத்தலைவர், ஆணையர் எல்லோர் பெயரும் இருந்தன. இவர் பெயர் இல்லை. பொறித்திருந்தால்தான் ஆச்சரியம். முதல் ஆளாக இறங்கியது மகள். எதிர்ச் சுவரின் விளிம்புவரை ஏறி, அரைக் கணம் அந்தரத்தில் நின்று, திரும்பி இறங்கினாள். கூட்டம் கத்தியது. இவர் மூச்சு விட மறந்து, அடைப்பானின் மூடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அடுத்த ஞாயிறு காலை, அவர் செய்தித்தாளைப் பிரித்தபோது மேசைமேல் ணங் என்று ஏதோ விழுந்தது. பெரிய திருகு சாவி. மகள் காலணி நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்க. ஒரு வேலை பாக்கி இருக்கு."

அவருக்குப் புரிந்தது. ஆனால் பழக்கம் விடுமா? "ஒரு நிமிஷம்மா, குறிப்பு எழுதிடறேன்" என்று ஓடிப்போய், குமிழ்களை அகற்றலாம் என்று இரண்டு வரி எழுதி, பொருத்தச் சொன்ன அதே கையால் தேதி போட்டுக் கையெழுத்திட்டார். ஆணையரிடம் முந்தின மாதமே வாய்வார்த்தையாக அனுமதி வாங்கி வைத்திருந்தார். மனைவி மூலம் அதைச் சொல்லி அனுப்பியும் மகள் பேசவில்லை என்பதால் அந்த அனுமதி அப்படியே கிடந்தது.

அலுவலகப் படிக்கட்டில் ஆளில்லை. அவர் நேராக ஏழாவது குமிழிடம் போய் மண்டியிட்டார். இத்தனை நாள் விரல் பட்டுப் பட்டு அதில் மட்டும் சாயம் போய் இரும்பு பளபளத்தது.

"இதத்தான் முதல்ல கழட்டணும்."

"ஏன் அத?"

"இதுலதானே நீ..."

அவள் குனிந்து பார்த்தாள். "இல்லப்பா. அது இல்ல." ஒரு எட்டு பின்னால் போய்க் காலால் தொட்டுக் காட்டினாள். "இது. மூணாவது."

அவர் மூன்றாவதைப் பார்த்தார். ஏழாவதைப் பார்த்தார். இரண்டு வருடம். ஒரு நாள் விடாமல். கணக்குப் போட்டு, வேகம் பார்த்து, சில்லு கிடந்த இடத்தை அளந்து.

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. மூணாவதா?"

"விழுந்தது நான்ப்பா!"

அவள் ஏழாவதின் பளபளப்பைக் கவனித்துவிட்டாள். அதைத் தொட்டாள், பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். காவலாளி தூரத்திலிருந்து வழக்கமான சல்யூட்டை வைத்தான்.

மூன்றாவது குமிழில் சாவியை மாட்டித் திருகினார். அசையவில்லை. எழுந்து நின்று, உடம்பின் மொத்தப் பாரத்தையும் போட்டு அழுத்தினார். முகம் சிவந்தது, சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்தது, குமிழ் மட்டும் அப்படியே உட்கார்ந்திருந்தது. முப்பத்தொரு வருடத்தில் ஒப்பந்தக்காரர் ஒருவர் அவருடைய குறிப்பை எழுத்துக்கு எழுத்து மதித்து வேலை செய்த ஒரே இடம் அதுதான்.

"கழற்ற இயலாத வகையில்" என்றாள் மகள், அந்த உறுப்பினரின் கணீர்க் குரலில். பிறகு அவர் பக்கத்தில் மண்டியிட்டு, தகடு வைத்த இடது கையையும் சேர்த்து, அவர் கைகளுக்கு மேல் வைத்துப் பிடித்தாள். "நல்லாதான் எழுதியிருக்கீங்கப்பா. ம், இப்ப சேந்து அழுத்துங்க."

சேர்ந்து அழுத்தினார்கள். பதினொரு மணிவரை ஆயிற்று, அந்த ஒன்றுக்கு மட்டும்.